எலி சமைக்கிற படம்: எங்க வீட்டு ஆளுக அடிக்கடி கேக்குற கேள்விகளும் என் பதிலும்

போன மே மாச லீவுல அக்னி நட்சத்திர வெயிலுக்குப் பயந்து வெளிய தலகாட்ட முடியாம, வில்லாபுரத்துல எங்க வீட்டு ஹால்ல பெருசும் சிறுசுமா 11 பேரு உக்காந்து ஒரு எலி சமைக்கிற கார்ட்டூன் படம் பாத்தோம். அன்னைக்கு ஆரம்பிச்ச பேச்சு இன்னும் ஓயல. படத்துக்கு வராத சொந்தக்காரங்க வேற "அப்படி என்ன படம் அது, உங்க மாமியார எலின்னு சொல்லிட்டாங்களாமே"ன்னு போன் போட்டுக் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் வந்த கேள்வியெல்லாம் சேத்து ஒரே எடத்துல எழுதிட்டேன். மாமியார் விசயம் பாதிக்கு மேல வரும், அதுக்காகவே வந்தவங்க நேரா அங்க போயிருங்க. கதையோட முடிவும் நடுநடுவுல வந்துரும், பாக்காதவங்க அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

படத்து பேரு என்ன? வாயில நுழையலையே?

ராட்டட்டூயி. எழுத்தப் பாத்து வாசிச்சா எங்க கொழுந்தனார் மாதிரி "ரட்டட்டோயில்"னுதான் வரும், அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, 2007ல படம் வந்தப்ப அமெரிக்காக்காரனுக்கே வாயில நுழையாதுன்னு போஸ்டர்லயே எப்படிச் சொல்லணும்னு பிரிச்சு அச்சடிச்சாய்ங்க. அது ஒரு காய்கறி சாப்பாட்டோட பேரு, பிரான்சு நாட்டுல தெக்க நீஸ்னு ஒரு ஊரு இருக்கு, அங்கிட்டு உள்ள சாப்பாடு. பேருக்குள்ளயே ராட்டுன்னு எலி ஒளிஞ்சிருக்கு பாருங்க. எங்க வீட்டுல எலிப்படம், அம்புட்டுதான்.

கதைய சுருக்கமா சொல்லேன்?

ரெமின்னு ஒரு எலி. மத்த எலியெல்லாம் குப்பையக் கிளறித் திங்கும், இவன் மட்டும் ருசி பாத்துத் திங்கிறவன், ஒரு கையில ஸ்ட்ராபெரி ஒரு கையில சீஸ் வச்சு ரெண்டையும் சேத்துக் கடிச்சா என்ன ஆகும்னு யோசிக்கிற ரகம். பாரிஸ்ல குஸ்டோன்னு ஒரு பெரிய சமையல்காரரு, யாரு வேணாலும் சமைக்கலாம்னு புத்தகம் போட்டவரு, ஆளு செத்துட்டாரு, ஹோட்டல் மட்டும் ஓடிக்கிட்டிருக்கு. அங்க குப்பை அள்ள சேந்த லிங்குவினிங்கிற பையன் ஒரு சூப்பக் கெடுத்து வைக்கிறான், ரெமி அத சரி பண்ணிருது. எல்லாரும் பையன்தான் பண்ணுனான்னு நெனச்சுக்கிறாய்ங்க. அப்புறம் எலி அவன் தொப்பிக்குள்ள உக்காந்துக்கிட்டு முடியப் புடிச்சு இழுக்கும், இழுக்குற இழுப்புக்கு அவன் கை தானா ஆடும், நம்மூரு பொம்மலாட்டம் மாதிரி. சமையல் எலியோடது, பேரு பையனோடது. இதுக்கு நடுவுல செத்தவரு மூஞ்சிய அட்டைப்பெட்டியில போட்டு ஐஸ்ல வச்ச சாப்பாடு விக்கப் பாக்குற ஒரு குள்ளன், கடைசில ஈகோன்னு ஒரு விமர்சகரு.

எலி பேசுறது மனுசனுக்குக் கேக்குமான்னு மூணு பேரு கேட்டாங்க. கேக்காது. எலிக தங்களுக்குள்ள நல்லாப் பேசிக்கும், மனுசன் காதுக்கு வெறும் கீச்சுகீச்சுதான். ரெமிக்கு நம்ம பேச்சு புரியும், நமக்கு அது பேச்சு புரியாது. (இத சொன்னதும் எங்க சின்னவன் "என்னைய மாதிரி"ன்னான்.)

சின்னப் பிள்ளைகளக் காட்டலாமா?

நீளம் 111 நிமிசம், அதனால நடுவுல நிப்பாட்டி எல்லாருக்கும் ஜிகர்தண்டா குடுத்தோம், அது நல்ல யோசனை. பயம்னு பாத்தா ஆரம்பத்துலயே ஒரு பாட்டி துப்பாக்கிய எடுத்து எலிகள டமால் டமால்னு சுடும், அப்புறம் ரெமி சாக்கடைத் தண்ணியில அடிச்சிட்டுப் போகும். எங்க நாத்தனாரு மகனுக்கு 4 வயசு, பாட்டி துப்பாக்கிய எடுத்ததுமே அவன் அவங்க மடியில மூஞ்சியப் புதைச்சவன்தான், அரை மணி நேரம் எந்திரிக்கல. எங்க சின்னவனுக்கு 7 வயசு, அவன் அதே சீன திரும்பப் போடச் சொல்றான். என்னையக் கேட்டா 6 வயசுக்கு மேல தைரியமாக் காட்டலாம், அதுக்கு கீழன்னா மடி தயாரா இருக்கணும்.

முத்தம் கித்தம், குடி எல்லாம் இருக்காமே?

ஒரு முத்தம் இருக்கு, அதுவும் எலி முடிய இழுத்ததால தடுக்கி விழுந்து குடுக்குற முத்தம். குள்ள முதலாளி பையனுக்கு ஒயின ஊத்திக் குடுத்து உண்மையக் கறக்கப் பாப்பான். நம்ம டிவி சீரியல்ல வர்றதுல நூத்துல ஒரு பங்கு கூட இல்ல. அந்த நேரம் எங்க மாமா (மாமனாரத்தான் சொல்றேன்) மட்டும் விசிறியால மூஞ்சிய மறச்சுக்கிட்டாரு, அவரு அப்படித்தான்.

எலி அடுப்படில நிக்கிறத பாத்துட்டு சோறு இறங்குமா?

நாத்தனாருக்கு இறங்கல. கடைசில நூத்துக்கணக்குல எலிக சமையல்கட்டுக்குள்ள இறங்கி ஆளுக்கொரு வேலையா செய்யிற சீன் வந்தப்ப, எந்திரிச்சுப் போயி வாசல்ல நின்னுக்கிட்டாங்க, ராத்திரி தயிர்சாதம் கூட வேணாம்னுட்டாங்க. அதத் தப்பு சொல்ல முடியாது. அந்த எலிகள ரொம்ப நெஜமா செஞ்சிருக்காய்ங்க, படம் எடுத்த பிக்சார் ஆளுக ஆபீஸ்லயே எலிகள கூண்டுல வச்சு வளத்து அது எப்படி நடக்குது, எப்படி மூக்க ஆட்டுதுன்னு பாத்துப் பாத்து வரைஞ்சாய்ங்களாம். குப்பை சீனுக்கு 15 வகை காய் பழத்த அழுக விட்டு போட்டோ எடுத்து, அதப் பாத்து செஞ்சிருக்காய்ங்க. அம்புட்டு மெனக்கெட்டா நாத்தனாருக்கு கொமட்டாம என்ன செய்யும்?

ஆனா அப்பத்தா (எங்க மாமியாரத்தான் பிள்ளைக அப்பத்தாங்கும், நானும் இங்க அப்படியே எழுதுறேன்) நேர் எதிர். அவங்க மொத பத்து நிமிசத்துலயே ரெமி பக்கம் சாஞ்சுட்டாங்க. காரணம் ஒரே ஒரு சீன். ரெமி ரெண்டு கால்ல நடந்து போவான், அவன் கூடப் பொறந்தவன் ஏண்டா இப்படின்னு கேப்பான், சாப்பாட்டத் தொடுற கையால தரையில நடக்க முடியாதும்பான் ரெமி. எங்க மூத்தவதான் இத தமிழ்ல எடுத்துச் சொன்னா. அப்பத்தா உடனே "பாத்தியா, பாத்தியா, எலிக்கு இருக்கிற புத்தி"ன்னு கொழுந்தனார் பக்கம் திரும்புனாங்க, ஏன்னா அவரு ரூவா நோட்ட எண்ணுன கையோட மாவு உருட்டுவாருன்னு ஒரு பழைய கேஸு ஓடிக்கிட்டிருக்கு. கடைசில அந்த எலிக் கூட்டம் மொத்தத்தையும் பாத்திரம் கழுவுற மெஷினுக்குள்ள விட்டு ஆவியில குளிப்பாட்டித்தான் சமைக்க விடுவாய்ங்க, அதுவும் அவங்களுக்குப் பரம திருப்தி. பிள்ளையார் ஏறுற மூஞ்சூறு வேற சாதி, இது வேற சாதின்னும் சொல்லி வச்சாங்க, அது சரிதான், மூஞ்சூறு எலியே கிடையாது.

மாமா ஏன் பாதில எந்திரிச்சுப் போனாரு?

மாமா மேலூர் பக்கம், பெரியாறு கால்வாய் தண்ணியில நெல்லு வெளஞ்ச பூமியில பொறந்தவரு. அவருக்கு எலின்னா ஒரே அர்த்தம்தான். வயல் எலி கதிர வெட்டி வெட்டி வளைக்குள்ள சேத்து வைக்கும், அறுப்பு முடிஞ்சதும் ஆளுக வளையத் தோண்டி அந்த நெல்ல எடுப்பாங்க, மாமாவும் சின்ன வயசுல தோண்டிருக்காரு. "நம்ம நெல்ல நம்ம வரப்புலயே ஒளிச்சு வச்ச களவாணிப்பய, அவனக் கதாநாயகனாப் போட்டு படமாம்"னு சொல்லிட்டு திண்ணைக்குப் போயிட்டாரு.

அப்புறம் ஒரு சீனுக்கு சத்தம் கேட்டுத் திரும்பி வந்தாரு. ரெமியோட அப்பா மகனக் கூட்டிட்டுப் போயி, மனுசன நம்பாதடான்னு ஒரு கடை ஜன்னலக் காட்டுவாரு, பொறியில மாட்டுன செத்த எலிகள வரிசையாத் தொங்கவிட்டிருப்பாய்ங்க. அது கற்பனை இல்லீங்க, பாரிஸ்ல நெஜமாவே உள்ள கடை, 1872ல ஆரம்பிச்சது, எலிப்பொறியும் மருந்தும் விக்கிறவங்க, ஜன்னல்ல நெஜ எலியத்தான் தொங்கவிட்டிருக்காங்க. இத நான் சொன்னதும் மாமா "அந்தக் கடைக்காரன் ஆளு"ன்னு சொல்லிட்டு சேர இழுத்துப் போட்டு உக்காந்தவரு படம் முடியிற வரைக்கும் எந்திரிக்கல. அந்த அப்பா எலி மேல அவருக்கு பெரிய மரியாதை. "அவன் ஒருத்தன்தான்யா நடப்பு தெரிஞ்சவன்."

எலிக்கு நெஜமாவே அம்புட்டு மூக்கு இருக்கா, இல்ல சினிமாவா?

சமைக்கிறது சினிமா, மூக்கு நெஜம். படத்துல ரெமிக்கு அவங்கப்பா குடுக்குற வேலையே, கொண்டு வர்ற குப்பையெல்லாம் மோந்து பாத்து இதுல விசம் இருக்கு இதுல இல்லன்னு பிரிச்சுவிடுறது. எலிக்கு வாந்தி எடுக்க வராது, உள்ள போனா போனதுதான், அதனால புதுசா ஒண்ணு கண்டா கொஞ்சூண்டு கடிச்சுட்டு பேசாம இருக்கும், வயிறு நல்லா இருந்தாத்தான் திரும்ப வரும். மாமா இத படிச்சு தெரிஞ்சுக்கல, வயல்ல தெரிஞ்சுக்கிட்டாரு. மொத ரெண்டு நாளைக்கு மருந்தே இல்லாம வெறும் பொரியில எண்ணெய் பிசறி வைப்பாங்களாம், பழகுன பெறகு மூணாம் நாள்தான் மருந்து. மொத நாளே வச்சா, கொஞ்சமாக் கடிச்சு வயிறு சங்கடப்பட்டு தப்பிச்ச எலி அந்தப் பக்கம் திரும்பியே பாக்காதாம். இத அவரு சொல்லச் சொல்ல பிள்ளைக மூஞ்சி போன போக்கப் பாக்கணும். மூத்தவ "தாத்தா, நீங்கதான் வில்லன்"னுட்டா.

பரோட்டா மாஸ்டரு என்ன சொன்னாரு? ஹோட்டல் சமையல்கட்டு அப்படித்தான் இருக்குமா?

எங்களுக்கு ஒரு சின்ன பரோட்டாக் கடை இருக்கு, சாயங்காலம் 6 மணிக்குத் தொறந்தா 11 வரைக்கும். கொழுந்தனாருதான் கல்லுல நிப்பாரு, எங்க வீட்டுக்காரரு கல்லாவுல. கொழுந்தனாருக்கு வேற எதுவும் பெருசில்ல, அந்த சமையல்கட்டு சீன் மட்டும்தான் படம். "எல்லாப் படத்துலயும் சமையல்காரன்னா காமெடியன், இதுல பாரு, ஒவ்வொருத்தனும் அவனவன் எடத்துல நிக்கிறான், ஒருத்தன் கைய ஒருத்தன் இடிக்கல"ன்னாரு. லிங்குவினிக்கு வேலை பழகிக் குடுக்குற கொலெட்டுங்கிற பொண்ணு, உன் எடத்த சுத்தமா வச்சுக்கன்னு அதட்டும், கைய உடம்போட ஒட்டி வையும்பா. இவரு கைதட்டிட்டாரு. கடையில புதுசா வந்த பையனுக்கு இவரு சொல்ற அதே பேச்சு, என்ன, இவரு கொஞ்சம் கெட்ட வார்த்தையோட சொல்லுவாரு.

இன்னொண்ணு, நல்ல ரொட்டிய எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கொலெட் சொல்லும், வாசனையில இல்ல, பாக்குறதுலயும் இல்ல, மேல் ஓட்ட அமுக்குனா வர்ற சத்தத்துலன்னு. இவரு படத்த நிப்பாட்டச் சொல்லிட்டு எந்திரிச்சு நின்னு எங்களுக்கெல்லாம் கிளாஸ் எடுத்தாரு. கல்லுல இருந்து எடுத்த பரோட்டாவ நாலஞ்ச அடுக்கி ரெண்டு பக்கமும் கையால அடிப்பாங்கல்ல, அந்த அடியில "சரக்"னு காஞ்ச சருகு நொறுங்குற மாதிரி கேக்கணுமாம், "தொப்"னு கேட்டுச்சுன்னா மாவு ஊறல, இல்ல கல்லு காயலன்னு அர்த்தமாம். 14 வருசமா கேட்டுக்கிட்டிருந்த சத்தம், எனக்கு அன்னைக்குத்தான் காதுல விழுந்துச்சு. இப்ப கடைப்பக்கம் போனா தன்னால காது அங்க போகுது.

கொற ஒண்ணும் சொன்னாரு. கரெண்டு பில்லு, கேஸ் சிலிண்டர், லீவு போடுற சப்ளையர் இதெல்லாம் படத்துல வரவே இல்லியாம்.

உங்க மாமியார எலின்னு சொன்னது யாரு? ஏன்?

எங்க மூத்தவ. ஏழாப்பு படிக்கிறா. திட்டணும்னு சொல்லல, விளக்கமா சொல்றேன்.

எங்க கடையில பரோட்டாவ விட சால்னாவுக்குத்தான் கூட்டம். பார்சல் வாங்குறவங்க "சால்னா கூட ஊத்துங்க"ன்னு நிப்பாங்க. போர்டுல இருக்கிறது மாமா பேரு. போன தூக்கிட்டு வந்து வீடியோ எடுக்குற பயலுகளும் கொழுந்தனாரு வீசுற கையத்தான் எடுக்குறாய்ங்க. ஆனா அந்த சால்னாவுக்கு மசாலா தினமும் காலைல நாலரை மணிக்கு எங்க வீட்டுப் பின்கட்டுல அப்பத்தா வறுக்குறது. மல்லி, மிளகா, சோம்பு, கசகசா, பட்டை, கிராம்பு, கடைசில கல்பாசி. கல்பாசி மட்டும் அடுப்ப அணைச்ச பெறகு அந்தச் சூட்டுலயே போட்டுப் பெரட்டணும், முன்னாடி போட்டா கசந்துரும்பாங்க. கடை ஆரம்பிச்ச நாள்ல இருந்து இதுதான், அவங்க ஊருக்குப் போனா கடைக்கு லீவு, காரணம் கேட்டா கஸ்டமர்கிட்ட "மாஸ்டருக்கு காய்ச்சல்"னு சொல்லுவாய்ங்க.

படத்துல லிங்குவினி கடைசில சமையல்கட்டு ஆளுகள நிக்க வச்சு, நான் சமைக்கல, இந்த எலிதான் சமைக்குதுன்னு தொப்பியத் தூக்கிக் காட்டுவான். எல்லாரும் வேலைய விட்டுப் போயிருவாய்ங்க, கொலெட் மட்டும் திரும்பி வரும். அந்த சீன்ல எங்க ஹால் அமைதியா இருந்துச்சு, அப்பத்தான் மூத்தவ "அப்ப நம்ம கடைக்கு அப்பத்தாதான எலி?"ன்னா.

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுச்சு. நாத்தனாரு "எங்கம்மாவப் போயி எலிங்கிறியே"ன்னு கத்த ஆரம்பிச்சாங்க, கொழுந்தனாரு தொண்டையச் செருமுனாரு, எங்க வீட்டுக்காரரு என்னைய மொறச்சாரு, நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு நெனப்பு (சத்தியமா இல்ல, ஆனா சொல்லிக் குடுத்திருக்கலாம்னு தோணுச்சு). அப்பத்தா வெத்தலைய மடிச்சு வாயில வச்சுக்கிட்டு சொன்னாங்க: "எலின்னா எலிதான், அதுக்கென்ன. அது மாதிரி தொப்பிக்குள்ள உக்காந்து முடியப் புடிச்சு இழுக்க எனக்கு மட்டும் ஆசை இல்லையா, உங்க தாத்தாவுக்கு எங்கத்தா முடி இருக்கு?"

மாமா தடவிப் பாத்துக்கிட்டாரு. அதுக்கப்புறம் அஞ்சு நிமிசம் யாரும் படம் பாக்கல.

சரி, அதுக்கப்புறம் போர்டுல பேர மாத்துனீங்களா?

எங்க வீட்டுக்காரரு கேட்டுப் பாத்தாரு. "அந்தக் காசுக்கு கிரைண்டருக்கு பெல்ட்டு மாத்து, மூணு மாசமா நழுவுது"ன்னுட்டாங்க. பெல்ட்டு மாத்தியாச்சு. போர்டு அப்படியேதான் இருக்கு. எனக்கு இதுல வருத்தம் உண்டு, இப்பவும் இருக்கு. ஆனா ஒண்ணு நடந்துச்சு, போன மாசம் யாரோ சால்னாவுல என்ன போடுறீங்க மாஸ்டர்னு கேட்டப்ப கொழுந்தனாரு "எனக்குத் தெரியாதுங்க, எங்கம்மாவக் கேக்கணும்"னு கல்லுல இருந்தே சத்தமா சொன்னாராம். வீட்டுக்கு வந்து இத அவரே சொன்னாரு, அப்பத்தா காதுல விழாத மாதிரி இருந்தாங்க.

யாரு வேணாலும் சமைக்கலாமா? அப்ப கைப்பக்குவம்னு சொல்றதெல்லாம் பொய்யா?

படம் சொல்றது, எல்லாராலயும் பெரிய சமையல்காரனாக முடியாது, ஆனா பெரிய சமையல்காரன் எங்க இருந்து வேணாலும் வரலாம்ங்கிறது. எனக்கு இது சரியாப் படுது. நான் அப்பத்தா அளவ எழுதி வைக்கணும்னு ஒரு வாரம் தராசோட பின்னாடியே அலைஞ்சேன். அவங்க கை நெறைய அள்ளிப் போடுவாங்க, போடுறதுக்கு முன்னாடி நான் புடுங்கி எடை போடுவேன். மல்லி ஒரு நாள் 412 கிராம், மறுநாள் 436. ஏன் கூடுச்சுன்னு கேட்டா "இந்த மல்லி பழசு, மணம் கம்மி"ன்னாங்க. மூணாம் நாள் நான் 420னு அளந்து நானே வறுத்தேன். கடையில யாரும் கொற சொல்லல, ஆனா ரெண்டு பேரு "இன்னைக்கு சால்னா கொஞ்சம் போதும்"னுட்டாங்களாம். தராச பரண்ல போட்டுட்டேன்.

அந்த விமர்சகரப் பத்தி?

ஈகோன்னு பேரு, ஒட்டுன கன்னம், அவரு ரூமே மேல இருந்து பாத்தா சவப்பெட்டி மாதிரி இருக்கும், டைப்ரைட்டரு பின்பக்கம் மண்டையோடு மாதிரி. பீட்டர் ஓ டூல்னு பழைய பெரிய நடிகரு குரல் குடுத்திருக்காரு, இங்கிலீஷ் புரியாட்டியும் அந்தக் குரலுக்காகவே கேக்கலாம். கெட்டவன்னு பிள்ளைக நெனச்சுச்சு. கொழுந்தனாருக்கு இவரத்தான் ரொம்பப் பிடிச்சது. "நம்ம கடைக்கு வர்றவன் வாயில வைக்கிறதுக்கு முன்னாடியே கேமராவப் பாத்து வேற லெவல்ங்கிறான். இந்த ஆளு தின்னு, முழுங்கி, யோசிச்சு, ராத்திரி உக்காந்து எழுதுறான். இவன் நல்லா இல்லன்னு எழுதுனாக்கூட நான் கும்புடுவேன்"னாரு. அதுல ஒரு விசயம், ஈகோ கடைசில எலி சமைச்சத பாராட்டி எழுதி, ஹோட்டல் சுகாதாரத்துக்காரங்க மூடுனதும் அவரு பேரும் வேலையும் போயிரும். உண்மைய எழுதி வேலைய இழக்குற ஆளு, அதான் எனக்கும் அவரப் பிடிச்சது.

அந்த அம்மா சமையல் சீன்ல எல்லாரும் அழுதீங்களாமே?

எல்லாரும் இல்ல. ஈகோ ஒரு வாய் வைப்பாரு, அப்படியே சின்னப் பிள்ளையாகி வீட்டு வாசல்ல நிப்பாரு, அழுத மூஞ்சியோட நிக்கிற பையனுக்கு அவங்கம்மா அதே காய்கறிய ஒரு தட்டுல வைக்கும். திரும்ப பெரியவராகும்போது கையில இருந்த பேனா கீழ விழுந்துரும். பேச்சே கிடையாது, ஒரு நிமிசம் கூட வராது.

மாமா அழுதாருன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. கேட்டா தூசின்னாரு. ராத்திரி மொட்டை மாடியில படுத்துக்கிட்டு தானா சொல்ல ஆரம்பிச்சாரு, அவங்கம்மா வைக்கிற அயிரை மீன் குழம்பப் பத்தி. கண்மாய்ல புடிச்ச அயிரைய உயிரோட கொண்டாந்து, மண்ணு வாடை போக தேங்காப்பால் கலந்த தண்ணியில விடுவாங்களாம், அது பாலக் குடிச்சு மண்ணத் துப்பும், இவரு பக்கத்துல குத்தவச்சுப் பாத்துக்கிட்டே இருப்பாராம். அப்புறம் மண்சட்டியில தேய்க்கிற சத்தம். குழம்ப அன்னைக்கு ஊத்த மாட்டாங்களாம், மறுநாள் பழைய சோத்துக்குத்தான் இவருக்குத் தனியா ஒரு கிண்ணத்துல எடுத்து வச்சிருப்பாங்களாம். 40 வருசத்துக்கு மேல ஆச்சு. அப்பத்தா பக்கத்துல படுத்திருந்தவங்க "நான் வச்ச குழம்பு ஒரு நாளாச்சும் அப்படி இருந்துச்சா"ன்னு கேட்டாங்க, மாமா தூங்கிட்ட மாதிரி இருந்துட்டாரு. நல்ல புத்திசாலி.

அந்த சாப்பாட்ட நம்ம வீட்டுல செய்யலாமா?

செஞ்சேன். சாதாரண ராட்டட்டூயின்னா கத்திரிக்கா, தக்காளி, குடமிளகா, சுக்கினி (வெள்ளரிக்கா மாதிரி இருக்கிற சீமைக்கா), வெங்காயம், பூண்டு போட்டு வதக்குறது. படத்துல வட்ட வட்டமா நறுக்கி விசிறி மாதிரி அடுக்குறது வேற, தாமஸ் கெல்லருங்கிற அமெரிக்க சமையல்காரரு படத்துக்காக சொல்லிக் குடுத்தது, அதுக்கு கான்ஃபி பியால்டின்னு பேரு.

சுக்கினிக்குப் பதிலா பிஞ்சு பீர்க்கங்கா போட்டேன், ஓவன் அடுப்பு கிடையாது, அதனால அடிகனமான வாணலியில தக்காளி வெங்காயம் பூண்ட நல்லெண்ணெயில சுண்ட வதக்கி அடியில பரப்பி, மேல வட்டங்கள அடுக்கி, தட்டு மூடி சின்னத் தீயில முக்கா மணி நேரம். கத்திரிக்கா ஒல்லியா நீளமா இருக்கணும், குண்டு கத்திரிக்கா எடுத்தா தக்காளி வட்டத்தோட சேராது. பீர்க்கங்கா தண்ணி விட்டுருச்சு, அடுத்த தடவை அத உப்பு போட்டுப் பிழிஞ்சு வைக்கணும். பாக்க அழகா இருந்துச்சு. அப்பத்தா ஒரு வாய் வச்சுட்டு "கத்திரிக்கா கொத்சுக்கு எதுக்குத்தா இம்புட்டு அலங்காரம்"னாங்க. ஆனா ரெண்டாவது தடவை போட்டுக்கிட்டாங்க, இத நான் எண்ணி வச்சிருக்கேன்.

திருட்டையும் பொய்யையும் நல்லதுன்னு காட்டுதா?

ரெமி ஸ்டோர் ரூம்ல தன் கூட்டத்துக்காகத் திருடிக் குடுக்கும், அப்புறம் அதுக்கு வாங்கிக் கட்டிக்கும். பிள்ளைக புரிஞ்சுக்கிச்சு. பெருசுகதான் கேக்குறாங்க.

ரெண்டாம் பாகம் வந்திருக்கா? அவார்டு?

ரெண்டாம் பாகம் வரல. சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் 2008ல குடுத்தாங்க. பிராட் பேர்டு இயக்குனது, ஆனா கதைய முதல்ல யோசிச்சு ஆரம்பிச்சது யான் பிங்காவான்னு இன்னொருத்தரு, பாதியில இவரு கைக்கு வந்துச்சு. யோசிச்சவரு ஒருத்தரு, போர்டுல பேரு இன்னொருத்தரு. (யான் பேரையும் படத்துல போட்டிருக்காங்க, அத சொல்லிரணும்.)

பாத்தப்புறம் பிள்ளைக எலி வளக்கணும்னு கேக்குதே, பொறி வைக்கவும் விடலையே, என்ன செய்ய?

எங்க வீட்டுலயும் இதே கூத்து. வளக்குறதுக்கு நான் ஒரே வார்த்தைதான், எலிக்காய்ச்சல். அது மூத்திரம் கலந்த தண்ணியில இருந்து வர்றது, மழைக்காலத்துல வெறுங்காலோட தேங்குன தண்ணியில நடந்தாலே பயம், இதுல வீட்டுக்குள்ளயா. அதோட பேச்சு முடிஞ்சிருச்சு.

பொறிதான் முடியல. பின்கட்டுல ஒரு எலி மசாலா மூட்டைய ஓட்டை போட்டுக்கிட்டிருந்துச்சு. மாமா பொறிய எடுத்தா சின்னவன் அழுறான், ஒருவேளை நல்லா சமைக்கிற எலியா இருந்துட்டாங்கிறான். சரி, பரீட்சை வச்சுப் பாத்துருவோம்னு மாமாவே எறங்கி வந்தாரு. அன்னைக்கு ராத்திரி பின்கட்டுல மூணு சில்வர் தட்டு வச்சோம். ஒண்ணுல சுட்ட தேங்காச் சில்லு, ஒண்ணுல கருவாடு, ஒண்ணுல நாங்க திங்கிறதுக்குன்னு வாங்குனதுல மிச்சம் புடிச்ச மசால்வடை. ரசனையுள்ள எலின்னா எதத் தொடும்னு வீட்டுக்குள்ள பந்தயம் வேற, கொழுந்தனாரு வடை மேல அம்பது ரூவா கட்டுனாரு. காலைல நாலரைக்கு மசாலா வறுக்கப் போன அப்பத்தா சிரிச்ச சிரிப்புல நாங்க எல்லாரும் எந்திரிச்சு ஓடுனோம்.

மூணு தட்டும் வச்சது வச்சபடி இருந்துச்சு. தொட்டிப் பக்கம் இருந்த குளியல் சோப்புல பாதியக் காணோம்.